ஒட்டுக்குக் கீழே துளிர்த்தவை

பேரிக்காய்க் கன்று வேண்டும் என்று ஞானப்பூ கேட்டதும், நாற்றங்கால் வைத்திருந்த காசிராஜன் பூவாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பந்தல்குடிக்குத் தெற்கே தூத்துக்குடி ரோட்டோரம் இருந்தது அந்த நாற்றங்கால். லாரிகள் கிளப்புகிற புழுதியில் கன்றுகளின் நிறமே தெரியாது. அங்கே வந்து மலைப்பழம் கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது.

“பேரிக்கா கொடைக்கானல்ல காய்க்கிறது யக்கா. அதுக்குக் குளிரு வேணும். எம்.ரெட்டியபட்டிக் காட்டுல கொண்டு போய் நட்டீகன்னா சித்திரைல வெறகாத்தான் எடுக்கணும்.”

ஞானப்பூவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஒரு வருடமாக அவள் நெஞ்சில் பேரிக்காய்தான் காய்த்துக்கொண்டிருந்தது. தம்பி ஐயாத்துரை கல்யாணம் முடித்துக் கொடைக்கானல் போய்வந்தபோது ஒரு பை நிறைய வாங்கி வந்தான். மாமியார் வீட்டுக்கு, மில்லில் கூட வேலை பார்ப்பவர்களுக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று போனது போக அக்காவுக்கு வந்து சேர்ந்தது ஒன்று. அதைக் கிணற்று மேட்டில் தனியாக உட்கார்ந்து, கொட்டையை மட்டும் துப்பிவிட்டு மீதியை முழுசாகத் தின்றாள். இத்தனை தண்ணீரை ஒரு பழம் எங்கிருந்து எடுக்கிறது என்று ஆச்சரியப்பட்டாள். ஒரே ஒரு பழத்தைத் தின்றுவிட்டுத் தோட்டம் போடக் கிளம்பிய பொம்பளை அந்தப் பக்கத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஆனால் தோட்டம் அவளுக்கு வெறும் ஆசை மட்டும் அல்ல. அது எண்பத்தைந்தாம் வருடம். அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின், பருத்தி எடுத்தும் களை வெட்டியும் தம்பியைப் படிக்க வைத்தாள். அதில் அவளுக்குக் கல்யாணம் செய்து வைக்க வேண்டும் என்பதை ஊரும் மறந்தது, அவளும் மறந்தாள். ஐயாத்துரைக்கு அருப்புக்கோட்டையில் மில் ஆபீஸ் வேலை. மிச்சம் இருந்தது இருவர் பேருக்கும் கூட்டுப் பட்டாவாக மூன்று ஏக்கர் தரிசுக் கரம்பு, நடுவில் ஓட்டு வீடு. அந்த நிலத்தைச் செங்கல் சூளைக்காரர் ஒருவர் கேட்டார்.

“வித்துட்டு எங்க கூடவே வந்துரு அக்கா” என்றான் ஐயாத்துரை. அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அவன் வீட்டில் ஞானப்பூ ஒருமுறை சில நாள் தங்கியிருக்கிறாள். தம்பி பெண்டாட்டி ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. அவள் உட்கார்ந்து எழுந்த இடத்தை எல்லாம் உடனே கூட்டினாள், அவ்வளவுதான். அந்த விளக்குமாற்றுச் சத்தம் ஞானப்பூவின் காதை விட்டுப் போகவே இல்லை.

அதனால்தான் மரம் வைக்கிறேன் என்றாள். ஐயாத்துரையும் ஒரு பேச்சுக்கு வந்தான். அவர்கள் கிறிஸ்தவச் சபையில் வருடம்தோறும் தை கழிந்து அறுப்புப் பண்டிகை வரும். அவரவர் காட்டில் முதலில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள்.

“மூணு வருசம் போகட்டும். பெறகு வர்ற பண்டியலுக்கு ஒன் மரத்துப் பழம் கோயிலுக்கு வந்துச்சுன்னா, நான் நெலத்தைப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன். வரலேன்னா நீ கையெழுத்துப் போட்டுரணும்.”

“சரிய்யா” என்றாள். அந்தச் சரியின் பேரில்தான் பஸ் ஏறி இந்த நாற்றங்காலுக்கு வந்திருந்தாள்.

காசிராஜன் சிரித்து முடித்து வேறு கன்று காட்டினார். “இது ஒட்டு இலந்தை. வடக்கேருந்து வந்தது. பழம் கோழிமுட்டை அளவு இருக்கும். கடிச்சா பேரிக்கா மாதிரியே நறுக்குங்கும். அடிமரம் நம்ம ஓடைக்கரைக் காட்டு இலந்தை. மேல இருக்கது நல்ல சாதி. வெயிலுக்கு இது அசையாது.”

அரை நாள் நின்று, பெண் பார்க்க வந்தவள் மாதிரி ஒவ்வொரு கன்றாகத் திருப்பிப் பார்த்து நாற்பது பொறுக்கினாள். ஒட்டு இருந்த இடத்தில் காசிராஜன் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டினார்.

“இந்தத் துணிக்குக் கீழ என்ன துளுத்தாலும் கிள்ளி எறிஞ்சுருங்க. பாவம் பாக்காதீக. விட்டீகன்னா காட்டு இலந்தை ஏறி வந்து மேல இருக்கதை முழுங்கிரும்.”

குழிகளைக் கோடையிலேயே வெட்டி ஆறப் போட்டிருந்தாள். கண்மாய் வண்டலும் ஆட்டுப் புழுக்கையும் கலந்து நிரப்பி, ஐப்பசியில் நல்ல மழை ஒன்று விழுந்ததும் நட்டாள். கடைசிக் கன்றுக்குக் குழி ஒன்று குறைந்ததால் கல்குவியல் ஓரத்துப் பள்ளத்தில் வைத்தாள். மழை நின்றபின் கிணற்றில் இறைத்துக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். சாயங்காலம் ஆனால் முதல் கன்றிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றிடமும் நின்று பேசிவிட்டுப் போவாள். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. இன்றைக்குக் கம்பங்கஞ்சி, நாளைக்குச் சந்தை, முழங்கால் வலி என்று இந்த மாதிரி. சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு வாய் இல்லாத வீட்டில், கேட்டுக்கொண்டிருக்க நாற்பது கன்றுகள் இருந்தது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அடுத்த கோடை அந்த ஆறுதலைப் பிடுங்கிக்கொண்டது. கிணறு அடி கண்டது. கன்றுகள் இலையை உதிர்த்துக் குச்சியாக நின்றன. நகத்தால் கீறிப் பார்த்தால் சிலதில் மட்டும் மங்கலாகப் பச்சை தெரிந்தது. பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கும் சங்கரம்மாள் வேலியோரம் நின்று எட்டிப் பார்த்து, “போச்சுதா யக்கா?” என்றாள். ஞானப்பூ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு ஆவணியில் எதிர்பாராமல் ஒரு மழை. மூன்றாம் நாள் பார்த்தால் குச்சிகளில் துளிர். எல்லாமே துணிக்குக் கீழே.

காசிராஜன் சொன்னது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கல்குவியல் ஓரத்துக் கன்றிடம் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு அந்தத் துளிர்களை ஒன்று விடாமல் கிள்ளினாள். பிசுபிசுத்த பச்சை விரலில் ஒட்டியது. கன்று மறுபடி வெறும் குச்சியானது. வானத்தை அண்ணாந்து பார்த்தே வாழ்கிற பூமி அது. தானாக முளைத்ததைத் தலையில் கிள்ளுகிற பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் இல்லை. புல் முளைத்தால்கூட ஆட்டுக்கு ஆகுமே என்று சுற்றிக்கொண்டு நடக்கிற சனங்கள். அடுத்த கன்றுக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. கிள்ளிய கன்றின்மேல் கருவேல முள்ளை இழுத்துப் போட்டு, செத்ததை மூடுவது போல மூடினாள். அதற்கப்புறம் அந்த மூலைக்கே அவள் போகவில்லை. மற்றக் கன்றுகளின் சிவப்புத் துணிகளை அவிழ்த்துத் தகரப் பெட்டியில் போட்டுவிட்டாள். கண்ணில் பட்டால்தானே உறுத்தும்.

கன்றுகள் வளர்ந்தன பாருங்கள், அப்படி ஒரு வளர்த்தி. மூன்றாவது வருடம் ஆள் உயரம் தாண்டிவிட்டது. முள்ளும் அதே அளவுக்கு இருந்தது. புரட்டாசியில் பூத்து, கார்த்திகையில் பிஞ்சு பிடித்தது. ஞானப்பூ அருப்புக்கோட்டைக்கே போய்த் தம்பியிடம் சொன்னாள். “காச்சிருச்சுய்யா. பண்டியலுக்குக் கொண்டாரேன்.” அவனும், “சந்தோசம்க்கா” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

பிஞ்சுகள் சுண்டைக்காய் அளவில் நின்றுவிட்டன. பழுத்தால் பெருக்கும் என்றாள். பழுத்தும் பெருக்கவில்லை. சங்கரம்மாள் ஒன்றைப் பறித்து வாயில் போட்டுக் கொட்டையைத் துப்பினாள்.

“யக்கா, இது நம்ம ஓடைக்கரை இலந்தைதான?”

“ஒனக்கு என்னத்த தெரியும்? ஒன் ஆட்ட ஓட்டிட்டுப் போ” என்றாள் ஞானப்பூ. இருந்த ஒரு பேச்சுத் துணையையும் அன்றோடு தொலைத்தாள். அவளுக்கும் உள்ளுக்குள் தெரியாமல் இல்லை.

பண்டிகை அன்று நார்ப்பெட்டி நிறையப் பழத்தை எடுத்து, வெள்ளைத் துணி போட்டு மூடி, கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பீடத்தின் கீழே வைத்தாள். ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியது. மிளகாய் போனது, கம்பு போனது, சேவல் ஒன்று நல்ல விலைக்குப் போனது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை நார்ப்பெட்டியைத் தூக்கித் துணியை விலக்கினார். நல்ல மனுஷன். “இலந்தைப்பழம். ஒரு பெட்டி. நம்ம ஞானப்பூ அம்மா காட்டுல வெளஞ்சது” என்று சத்தமாகவே சொன்னார்.

யாரும் கேட்கவில்லை. ஓடைக்கரையில் சும்மா உதிர்ந்து கிடப்பதை யார் ஏலத்தில் எடுப்பார்கள். பெண்கள் பக்கம் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். ஞானப்பூ தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நேரம் பூமி தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. கடைசியில் ஆண்கள் பக்கமிருந்து ஐயாத்துரையின் குரல் வந்தது. குடும்ப மானத்துக்காக, சேவலுக்குப் போனதைவிடக் கூடவே கேட்டு எடுத்தான்.

வெளியே வேப்பமரத்தடியில் பெட்டியோடு அவளிடம் வந்தான். “அடுத்த வாரம் திங்கக்கெழம சூளைக்காரவுகளக் கூட்டிட்டு வாரேங்க்கா. மனசத் தேத்திக்கோ.”

“பழம் கோயிலுக்கு வந்துச்சுல்லய்யா” என்றாள் மெதுவாக.

“அக்கா. இதப் பழம்னு நீயே சொல்லுவியா?”

பெட்டியை மூடியிருந்த வெள்ளைத் துணியை மட்டும் எடுத்து மடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பியவள் மரங்களின் பக்கம் போகவில்லை. அவற்றின் முகத்தில் விழிக்கவே வெறுப்பாக இருந்தது. பின்பக்கமாகச் சுற்றிக் கல்குவியல் மேல் போய் உட்கார்ந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தான் முன்பு போட்ட முள்குவியலுக்குள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. கை கிழிபட முள்ளை இழுத்துப் போட்டாள். இடுப்பளவு உயரத்தில், துணிக்கு மேலே கிளைத்து, முள் அதிகம் இல்லாமல் நின்றது அந்த ஒரு கன்று. பள்ளத்தில் தேங்கிய மழைத்தண்ணீரே அதற்குப் போதுமாக இருந்திருக்கிறது. சிவப்புத் துணி வெளுத்துப்போய் இன்னும் இருந்தது. கோழிமுட்டை அளவில் நாலைந்து பழம். துளிரைக் கிள்ளிய நாளிலிருந்து அவள் கொஞ்சாததும் பேசாததும் அதனிடம் மட்டும்தான்.

காலையில் முதல் பஸ்ஸில் ஒரு பழத்தோடு காசிராஜனிடம் போனாள். அவர் பார்த்ததும் கேட்டார். “கீழ துளுத்தத கிள்ளுனீகளா?”

“இது ஒண்ணுல மட்டும்.”

அவர் திட்டவில்லை. “வேரு நல்லா எறங்கியிருக்கும். மத்த எல்லாத்தையும் முழங்கால் ஒயரத்துக்கு அறுத்துருங்க. புதுசா வர்ற கெளையில, இந்த மரத்துத் துளிர் மொட்டையே எடுத்து ஆனில நான் வந்து ஒட்டித் தாரேன். ஒரு மரம் போதும். ஆனா ஒண்ணு விடாம அறுக்கணும்.”

ஒரு துளிரைக் கிள்ள முடியாத கை, திங்கட்கிழமைக்குள் முப்பத்தொன்பது மரங்களை அறுத்தது. ஒவ்வொன்றின் முன்னாலும் அழுதுவிட்டுத்தான் அரிவாளை எடுத்தாள். என்ன இருந்தாலும் மூன்று வருடம் அவள் பேச்சைக் கேட்டவை அவைதான்.

சூளைக்காரரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு ஐயாத்துரை மட்டும் நடந்து வந்தான். மொட்டையாகக் கிடந்த நிலத்தைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

“இம்புட்டு சீக்கிரம் மனசு தேறுவேன்னு நான் நெனைக்கலக்கா.”

ஞானப்பூ மடியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, கத்தியால் கீறி ஒரு பாதியை அவனிடம் கொடுத்தாள். அவன் கடித்தான். சாறு தாடையில் வழிந்தது.

“எங்க வாங்குன?”

கல்குவியல் பக்கம் கையைக் காட்டினாள். “மத்ததையும் இது மாதிரி ஆக்கத்தான் அறுத்துருக்கேன். நான் கையெழுத்துப் போடலய்யா.”

“பண்டியலுக்கு வரணும்னுதானக்கா பேச்சு?”

“ஆமா. அந்தப் பேச்சு மாறுறேன். ஒன்ன வளத்தவ ஒரு தடவ பேச்சு மாறிக்கிறேன்.”

ஐயாத்துரை தாடையில் வழிந்த சாற்றைத் துடைத்துக்கொண்டான். பிறகு, “இங்க ஒருத்தியா கெடந்து என்ன செய்யப் போற?” என்றான்.

“அங்க வந்தாலும் நான் ஒருத்திதானய்யா.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பாதிப் பழம் கையிலேயே இருந்தது. “வாரேங்க்கா” என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தான். சூளைக்காரரின் ஜீப் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் பழக்கதோஷத்தில் முதல் மரத்திடம் போய் நின்றாள். பேச வாய் வரவில்லை. முன்பும் மரங்கள் பதில் சொன்னதில்லைதான், ஆனால் அசைய இலையாவது இருந்தது. தனிமை அவளுக்குப் புதிதல்ல. அன்றைக்கு அழுத்தியது போல அது என்றைக்கும் அவளை அழுத்தியதில்லை. ஜெயித்துவிட்டு இப்படி நிற்போம் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்தாள். அவிழ்த்துப் போட்ட சிவப்புத் துணிகளை எடுத்து, அலசிப் பிழிந்து, ஆனி மாதத்துக்கு வேண்டும் என்று வேலியில் வரிசையாகக் காயப்போட்டாள்.