மெக்கர் சொன்னது

காந்திபுரத்து எலக்ட்ரிக்கல் கடையில் சண்முகப்பிரியா பையிலிருந்து, கரண்ட் பார்க்கும் ஒரு மல்டிமீட்டரை எடுத்து மேசைமேல் வைத்தாள். சில மாதங்களுக்கு முன் இறந்துபோன அவள் கணவன் மோகன்குமாருடையது.

"ஏனுங்க, இது கெட்டுப்போச்சுங்களான்னு பாத்துச் சொல்லுங்க."

கடைக்காரி உம்மல் குல்சும் இரண்டு மூன்று ரெசிஸ்டர்களில் வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே காட்டியது.

"நல்லாத்தானுங்க இருக்குது."

சண்முகப்பிரியாவின் முகம் வாடிவிட்டது. கெட்டுப்போனது என்ற ஒரு சொல்லைக் கேட்கத்தான் அவள் அன்னூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

"அவிய இதை வெச்சுப் பாத்துட்டுத்தானுங்க கெணத்து மோட்டாரைப் போட்டாங்க. மழை ஈரமா இருக்குது, பாடியில கரண்ட் எறங்குதான்னு பாக்கறேன்னாங்க. ஒண்ணுமில்லைன்னு காட்டுச்சு. போட்டுட்டு மோட்டார் மேல கை வெச்சாங்க…"

குல்சும் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள்.

"இது சின்ன பேட்டரியில ஓடறதுங்க. மோட்டாருக்குள்ள இருக்கற கம்பிச் சுத்து, அந்தக் காயில், ஈரம் குடிச்சிருந்தாக்கூட இதுல நல்லா இருக்கற மாதிரியே தெரியும்." அலமாரியிலிருந்து இரண்டு கருவிகளை எடுத்து வைத்தாள். "இது மெக்கர். ஐநூறு வோல்ட் குடுத்துப் பாக்கும். காயில்ல இருந்து பாடிக்குக் கரண்ட் எறங்குமான்னு சொல்லிப்போடும். அது எர்த் டெஸ்டர். அப்படி எறங்கினா, எர்த் கம்பி வழியா மண்ணுக்குள்ள ஒழுங்காப் போகுமான்னு சொல்லும்."

"இதுல எது இருந்திருந்தா அவிய பொழைச்சிருப்பாங்க?"

குல்சும் பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள்.

"ரெண்டுல எது இருந்திருந்தாலும்ங்க."

சண்முகப்பிரியா இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெக்கரைக் கேட்டு வாங்கினாள்.

வீட்டில் மாமியார் சென்னியம்மாள், துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "பாக்காம கொள்ளாம தொட்டுப்போட்டான்." மீட்டர் வைத்துப் பார்த்தார் என்று மருமகள் சொன்னதை அவள் நம்பவே இல்லை. செத்தவனுக்கு மருமகள் பரிந்து பேசுகிறாள் என்றே நினைத்தாள்.

மறுநாள் ஒயர்மேன் ஆறுச்சாமி வந்து, லைனைத் துண்டித்துவிட்டு, மோட்டாரில் மெக்கரை மாட்டினார். சென்னியம்மாள் கிணற்று மேட்டின் கீழேயே நின்றாள். ஆறுச்சாமி பொத்தானை அழுத்தினார். முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

"முழுக்க எறங்குதுங்க."

"அவிய மீட்டரையும் வெச்சுப் பாருங்க," என்றாள் சண்முகப்பிரியா.

வைத்துப் பார்த்தார். லீக் எதுவும் காட்டவில்லை. அன்று மோகன்குமாருக்குக் காட்டியதும் அதேதான்.

"என்னப்பா சொல்லுது?" என்று கீழிருந்து கேட்டாள் சென்னியம்மாள்.

ஆறுச்சாமி சொன்னார். அவள் மெல்ல மேடேறி வந்து மருமகளின் கையைப் பிடித்தாள்.

"அப்ப எம்பையன் பாத்துட்டுத்தான் தொட்டானா?"

"பாத்துட்டுத்தானுங்க அத்தை."

கிழவி அங்கேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். இத்தனை மாதமும் மகன்மீது கோபப்பட்டே காலத்தை ஓட்டியவளுக்கு, இனிக் கோபப்பட யாருமில்லை. சண்முகப்பிரியாவுக்கும் ஆறுதல் வரவில்லை. அவர் கவனமாகத்தான் இருந்தார். கவனமாக இருந்தும் போய்விட்டார்.

மோட்டார், புதுக் காயில் கட்டக் கடைக்குப் போனது. ஆறுச்சாமி புதிதாக எர்த் குழி போட்டு, எர்த் டெஸ்டரை இரவல் வாங்கிவந்து அதையும் அளந்து கொடுத்தார். தண்ணீர் மறுபடி வாழைக்குப் பாய்ந்த அன்று, வரப்பில் நின்று பார்க்க இரண்டு பேருமே போகவில்லை.