அகலம் பார்க்க வந்த வீடு

அந்த அலமாரி என்மேல் விழவில்லை. விழுந்திருந்தால் நாலு பேர் பாவம் என்றாவது சொல்லியிருப்பார்கள். அது எனக்கு ஒரு முழம் தள்ளிச் சாய்ந்து, எதிரே கிடந்த கட்டிலின் விளிம்பில் முட்டி, கதவைத் திறந்து, வயிற்றில் இருந்த அத்தனையையும் தரையில் கொட்டிவிட்டு அப்படியே நின்றது. பாடப் புத்தகங்கள், வர்ணப் பென்சில்கள், ஜோடி தொலைந்த காலுறைகள், கால் உடைந்த ஒரு பொம்மைக் குதிரை. கடைசியாக ஒரு டப்பா திறந்து கண்ணாடிக் குண்டுகள் ஓடின. எல்லாம் ஓடி முடித்த பிறகும் ஒரே ஒரு குண்டு மட்டும் நிதானமாக உருண்டு போய் என் மனைவியின் காலடியில் நின்றது.

"எதுக்கு அதைப் பிடிச்சு இழுத்தீங்க?" என்றாள் அவள்.

நியாயமான கேள்வி. விலைக்கு வந்த வீட்டை முதன்முதலாகப் பார்க்க வந்தவன் குழாயைத் திறந்து பார்ப்பான், ஜன்னலைத் திறந்து பார்ப்பான். குழந்தைகள் அறையில் இருக்கும் அலமாரியை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க மாட்டான். நான் இழுத்ததற்குக் காரணம் இருந்தது. சொல்லக்கூடிய காரணம்தான் இல்லை.

"சும்மா, பின்னாடி சுவர் எப்படி இருக்குன்னு..."

சமையலறையிலிருந்து வீட்டுக்காரம்மா ஈரக் கையோடு ஓடி வந்தார். அலமாரியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு என் முகத்தை, குறிப்பாக நேற்று மாலை வரை மீசை இருந்த இடத்தை, கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார்.

இந்த இடத்தில் என் தொழிலைச் சொல்லிவிடுவது நல்லது. விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுத்துக் கொடுப்பவன் நான். தரகர்கள் போனில் போட்டுக் காட்டுகிறார்களே, அந்தப் படங்கள். என்னிடம் ஒரு லென்ஸ் இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டு மூலையில் முதுகை ஒட்டி நின்றால், ஒரு பாய் விரித்தால் நிறைந்துவிடும் அறை பேருந்து வந்து திரும்பும் அளவுக்கு விரியும். அதனால் தரகர்கள் மத்தியில் எனக்கு 'அகலம்' என்று பெயர். "அகலத்தை வரச் சொல்லுங்கப்பா, ரூம் சின்னதா இருக்கு" என்பார்கள். லென்ஸ் பாதி வேலைதான் செய்யும். மீதிப் பாதி மறைக்கிற வேலை. விரிசலுக்கு முன்னால் திரைச்சீலை, உடைந்த தரைக்கு மேல் கம்பளம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்துவிட்டு அந்தச் சோற்றைப் படமும் பிடித்துக் கொடுப்பவன்.

வீட்டு விலை இறங்க ஆரம்பித்ததும் என் தொழில் ஏறியது. விற்காத வீட்டுக்குத்தான் நல்ல படம் தேவை. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரரும் 'இன்னும் இறங்குவதற்குள் தள்ளிவிடுவோம்' என்று முடிவு செய்து, மூன்று மாதத்தில் காலி செய்யச் சொன்னார். படம் எடுக்க ஆள் வேண்டும் என்று தரகரிடம் கேட்டிருக்கிறார். தரகர் என்னை அனுப்பினார். நான் குடியிருக்கும் வீட்டை நானே அகலமாக்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து என் மனைவி போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவள், "இந்த வீடு நல்லா இருக்குங்க, எங்க இருக்குன்னு பாருங்களேன்" என்று காட்டினாள். அது எங்கள் கூடம்.

அவளுக்கு ஏழாம் மாதம். மூத்தவளுக்கு ஐந்து வயது, பள்ளியில் சேர்க்க வேண்டும். ஆக மூன்று மாதத்துக்குள் இரண்டு பிள்ளைகளையும் எங்கே வைத்து வளர்ப்பது என்று முடிவெடுத்தாக வேண்டும். கேட்காத ஆள் பாக்கியில்லை. மச்சான் கன்னத்தில் கைவைத்து யோசித்து, "வாங்கினா நல்லதுதான் மாப்ளே. வாங்கினப்புறம் இறங்கிச்சுன்னா வாங்காம இருந்திருக்கலாம்" என்றார். வங்கி அதிகாரி "எல்லாம் சந்தையைப் பொறுத்தது" என்றார். தரகர் "வீடுங்கிறது அமையணும் சார்" என்றார். இந்த மூன்றையும் சேர்த்துப் பிழிந்தாலும் ஒரு சொட்டுப் பதில் வராது. பதினோரு வீடு பார்த்தோம். அதில் ஒன்பது நான் படம் எடுத்தவை. உள்ளே நுழைவதற்கு முன்பே எங்கே என்ன ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். காரணம் சொல்லாமல் "வேண்டாம், வா போகலாம்" என்பேன். என் மனைவி என்னை ஏதோ ஞானி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாவது இந்த வீடு. நான்கு மாதத்துக்கு முன் இதைப் படம் எடுத்தபோது, எடுத்து முடித்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நின்றேன். பெரிய சாலையைக் கடக்காமல் பள்ளிக்கு நடந்தே போகலாம். குழந்தைகள் அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு மரம், நிஜ மரம், நான் நட்டு வைத்துப் படம் எடுத்தது அல்ல. அப்போது விலை எங்களுக்கு எட்டாது. பிறகு மூன்று முறை இறங்கிவிட்டது. இன்னும் ஒரே ஒரு படி இறங்கினால் எட்டிவிடும்.

அந்தப் படி எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். குழந்தைகள் அறைச் சுவரில், உள்ளங்கை அளவில் ஓர் ஈரக் கறை. படத்தில் தெரியக் கூடாது என்று அலமாரியை அதன் முன்னால் தள்ளி வைத்தவன் நான். இப்போது தற்செயலாக நகர்த்துவது போல நகர்த்தி, 'அடடா, ஈரமா?' என்று உச்சுக்கொட்டினால் விலை தானாக இறங்கும். தரகரிடம் முந்தின நாளே பேசி வைத்துக்கொண்டேன். மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. அடையாளம் தெரியக் கூடாது என்று பன்னிரண்டு வருடத்து மீசையை எடுத்தேன்.

"என்ன திடீர்னு?" என்றாள் மனைவி.

"சும்மா, ஒரு மாற்றத்துக்கு."

"ஒண்ணும் மாறலை. மீசை இல்லாத நீங்கதான் தெரியுறீங்க."

அதையேதான் வீட்டுக்காரம்மாவும் இப்போது கண்டுபிடித்துவிட்டார்.

"நீங்க படம் எடுக்க வந்தவர்தானே" என்றார்.

"இல்லீங்களே" என்றது என் வாய். என்னைவிட ஒரு நொடி முந்திக்கொள்ளும் வாய் அது.

"இந்த அலமாரியை இங்க தள்ளச் சொன்னதே நீங்கதானே. ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுத் தள்ளினோம். உங்க விரல் நசுங்கிடுச்சு, நான் ஐஸ்கட்டி வெச்சு விட்டேன்."

என் இடதுகை நடுவிரல் நகத்தின் நுனியில் இன்னும் கொஞ்சம் கருப்பு மிச்சம் இருந்தது. கையைப் பைக்குள் விட்டேன். என் மனைவி அந்தப் பையைப் பார்த்தாள். கார் கதவில் நசுங்கியது என்று அவளிடம் அன்று சொல்லியிருந்தேன்.

"அப்போ இந்த வீடு உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"பாத்ரூம் வரைக்கும் தெரியும்" என்றார் வீட்டுக்காரம்மா. "எங்க சாமான் மொத்தத்தையும் அங்கதான் அடைக்கச் சொன்னார். அன்னிக்குப் பூரா பிள்ளைங்க பக்கத்து வீட்லதான் குளிச்சாங்க."

வாசலில் போன் பேசிக்கொண்டிருந்த தரகர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். சரியான நேரத்தில் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார், பாவம். தொண்டையைச் செருமி, மனப்பாடம் செய்தது போலத் தொடங்கினார். "அடடா, சுவர் பூரா ஈரமா இருக்கேம்மா. இதைச் சொல்லவே இல்லியே. பார்ட்டி யோசிப்பாங்க. விலையைக் கொஞ்சம் பார்த்து..."

"அண்ணே, வேண்டாம்ணே" என்றேன்.

"நீங்கதான சார் சொல்லச் சொன்னீங்க?"

தரகர் எங்கள் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். கெட்டிக்காரர்.

பார்க்க வேறு இடம் இல்லாததால் சுவரைப் பார்த்தேன். உள்ளங்கை அளவு என்று நினைத்து வந்திருந்தேன். அங்கே ஒரு கதவு அளவுக்கு ஈரம் ஏறியிருந்தது. ஓரமெல்லாம் கருப்புப் பூஞ்சை. பூச்சு உரிந்து, தொட்டால் கொட்டும்போல இருந்தது.

"இவ்வளவு பெருசாவா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இல்லை. உங்க கை அளவுதான் இருந்துச்சு. மழை விட்டதும் ஜன்னல் காத்து நேரா அந்தச் சுவர்ல படும், ஒரு வாரத்துல காஞ்சிடும். ஆறு வருஷமா அப்படித்தான் காஞ்சுது. வீடு விக்கிற வரைக்கும் அலமாரியை நகர்த்தாதீங்க, பார்க்க வர்றவங்க கண்ல படும்னு நீங்க சொல்லிட்டுப் போனீங்க." அவர் குரல் உயரவில்லை. "நான் நகர்த்தலை."

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் கிள்ளிவிட்டுப் போய், நான்கு மாதம் கழித்து, பிள்ளை அழுகிறதே என்று தொட்டிலை விலை குறைத்துக் கேட்க வந்தவன்.

உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன். வீட்டுக்காரம்மாவும் எதிரே உட்கார்ந்தார். என் மனைவியால் குனிய முடியாது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, காலடியில் கிடந்த அந்த ஒற்றைக் குண்டைப் பாதத்தால் மெல்ல என் பக்கம் உருட்டிவிட்டாள். அதைத் தவிர என் பக்கம் அவள் திரும்பவில்லை.

"நீங்க எதுக்கு விக்கிறீங்க?" என்று அவரிடம் கேட்டாள்.

"அவருக்கு இங்க வேலை போயிடுச்சு. வேற ஊர்ல கிடைச்சிருக்கு, அங்க ஒத்தை ரூம்ல இருக்காரு. இது வித்தாத்தான் நாங்க போக முடியும். விலை ஏறியிருந்தப்போ வாங்கினோம், இறங்கினப்போ விக்கிறோம். எங்க ராசி அப்படி." பென்சில்களை ஒரே பக்கமாக முனை வரும்படி அடுக்கினார். "வராமலும் இல்லை. படத்தைப் பார்த்துட்டு நிறைய பேர் வந்தாங்க. வாசல்ல நுழையும்போதே முகம் மாறிடும். 'இவ்வளவுதானா'ன்னு கேப்பாங்க. இந்த வீடு ஒண்ணும் சின்ன வீடு இல்லைங்க. படத்துக்குப் பக்கத்துல சின்னதாப் போயிடுச்சு."

நான் காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கும் ஜோடி இல்லை.

"எம் பொண்ணுக்கு எட்டு வயசு" என்றார். இது என் மனைவியிடம். "படம் வந்ததும் போன்ல காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தா. 'நாம இல்லாதப்போ நம்ம வீடு எவ்வளவு அழகா இருக்கும்மா'ன்னா. அதுலேர்ந்து வீடு பார்க்க யார் வந்தாலும் நான் சொல்லாமலே தம்பியை இழுத்துக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிடுறா. இப்பவும் அங்கதான் இருக்கா."

"மன்னிச்சுக்குங்க" என்றாள் என் மனைவி.

நான் சொல்ல வேண்டியது அது. என் வேலையை எப்போதும் முந்திச் செய்யும் வாய்க்கு அன்று என்ன வந்ததோ, ஒட்டிக்கொண்டு கிடந்தது. பிறகு பொம்மைக் குதிரையைக் கையில் வைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க" என்று நானும் சொன்னேன். குதிரையிடம் சொன்னது போல இருந்தது.

"கால் நீங்க உடைச்சதில்லை" என்றார் அவர். "அது போன வருஷமே உடைஞ்சுது."

அலமாரியை நிமிர்த்தினோம். பழக்க தோஷம், என் கை அதைப் பழைய இடத்துக்கே தள்ளப் பார்த்தது. "அங்க வேண்டாம்" என்றார். எதிர்ச்சுவருக்குக் கொண்டு போனோம், ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, விரல் எதுவும் நசுங்காமல். என் மனைவி எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். காற்று நேராக வந்து அந்தச் சுவரில்தான் பட்டது. அவர் சொன்னது சரி. அவள் அங்கேயே நின்று மரத்தைப் பார்த்தாள், அதற்கு அப்பால் பள்ளிக்குப் போகும் தெருவைப் பார்த்தாள். ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது. பதினோரு வீட்டில் எந்த ஜன்னலிலும் அவள் இவ்வளவு நேரம் நின்றதில்லை. 'வேண்டாம், வா போகலாம்' என்று இந்த வீட்டைப் பற்றி என்னால் சொல்ல முடியாது. 'வாங்கலாம்' என்று சொல்கிற தகுதியும் இல்லை.

"சுவரைச் சுரண்டிப் பூசி, நானே வெள்ளையடிச்சுத் தர்றேன்" என்றேன் வீட்டுக்காரம்மாவிடம். "படமும் மறுபடி எடுத்துத் தர்றேன். அந்த லென்ஸ் இல்லாம. இருக்கிற மாதிரியே."

"சுவர் காயட்டும் முதல்ல" என்றார்.

வாசலுக்கு வந்தோம். என் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு எனக்காக நிற்காமல் படியிறங்கினாள். தெருவில் தரகர் அவளைப் பார்த்ததும் இன்னொரு முறை போனைக் காதில் வைத்துக்கொண்டார். நான் ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு வெளியிலுமாக நின்றேன். கேட்கக் கூடாத ஆள் நான்தான் என்று தெரியும். ஆனால் கேட்க வேண்டிய ஆள் இவர் ஒருவர்தான். மச்சானுக்கும் வங்கிக்கும் தரகருக்கும் இந்த வீட்டில் ஒரு மழைக்காலம்கூடத் தெரியாது.

"நான் கேக்கிறதுக்கு முகமில்லை. இருந்தாலும் கேக்கிறேன்" என்றேன். "இங்க பிள்ளைங்களை வெச்சு வளர்க்கலாமா?"

அவர் யோசிக்கவில்லை.

"வளர்க்கலாம். ரெண்டு பேரை வளர்த்திருக்கேன். கட்டிலை ஜன்னல் பக்கம் போடுங்க, மழை விட்டதும் ஜன்னலைத் திறந்துடுங்க, அந்தச் சுவர்ல எதையும் சாத்தாதீங்க. காலையில முதல் பஸ் சத்தத்துக்குக் கைப்பிள்ளை முழிச்சுக்கும், ஒரு மாசத்துல பழகிடும். பக்கத்து வீட்டுக்காரங்க நல்லவங்க. விலையில ஒரு பைசா குறைக்க மாட்டேன்." தெருவில் நின்றிருந்த என் மனைவியை ஒரு முறை பார்த்தார். "வாங்கறதா இருந்தா, பேச அவங்களை அனுப்புங்க. நீங்க வராதீங்க."