பன்னிரண்டும் பச்சை

சோதனைக்காரி தன் இருக்கையை விட்டு எழுந்தாலே அலுவலகத்தில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். அடுத்தவர் எழுதிய செயலியில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. இப்போது கையில் இருந்தது, மாத்திரை சாப்பிடும் நேரத்தில் மணியடிக்கும் செயலி. அதைச் சோதிக்கப் பன்னிரண்டு போன்கள், பாத்திரம் கவிழ்க்கும் கம்பிக்கூடையில் தட்டுகளைப் போல வரிசையாக நின்றன.

முன்பெல்லாம் ஒவ்வொரு போனாகத் தானியங்கிச் சோதனையை ஓட்டுவாள். நாள் முழுக்க அதிலேயே போய்விடும். திங்கட்கிழமை முதல் பன்னிரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டாள். இருபதே நிமிடம்! மேனேஜர் எல்லார் முன்னாலும் கைதட்டினார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைக்குப் பிடித்தது சனியன். தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு; ஒரு தடவை ஏழு போனில் சிவப்பு, அடுத்த தடவை நான்கில். பட்டியலில் சேர்த்த மாத்திரையைக் காணோம் என்று ஒவ்வொன்றும் புகார் சொன்னது. அந்தப் பகுதியை எழுதியவன், எல்லாரும் ‘தாடி’ என்று கூப்பிடும் பையன். பழி நேரே அவன் தலையில் விழுந்தது.

தாடியின் மனைவி நிறைமாதக்காரி, நான்கு மணி நேரப் பயணத் தொலைவில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன். “பன்னிரண்டும் பச்சை ஆகட்டும், உடனே கிளம்பு” என்று மேனேஜர் சொல்லிவிட்டார். தாடி மூன்று தடவை திருத்தி எழுதினான். மூன்று தடவையும் சிவப்பு.

“அக்கா, என் போன்ல நல்லாத்தானே வேலை செய்யுது?”

“உன் போன்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஊர்ல இருக்கறவங்க போன்ல இல்ல இருக்கணும்!”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு மறுபடியும் ஐந்து சிவப்பு. நான்கு மணிக்குப் பஸ். தாடி மனைவிக்குப் போன் போட்டு, “இன்னைக்கு வர முடியாது போலம்மா” என்று மெல்லச் சொன்னான். அது சோதனைக்காரியின் காதில் விழுந்தது.

கூடைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சோதனையை மறுபடி ஓடவிட்டாள். மூன்று நாளாக அறிக்கையைப் படித்தாளே தவிர, போன்களைப் பார்க்கவே இல்லை.

விலை அதிகமான போன் முதலில் முடித்தது. கடைசி வேலையாக, சேர்த்த மாத்திரைகளையெல்லாம் அழித்துச் சுத்தம் செய்தது. அதே நொடியில் பக்கத்துப் போன்களிலும் மாத்திரைகள் காணாமல் போயின. பன்னிரண்டும் ஒரே பயனர் பெயரில் உள்ளே நுழைந்திருந்தன; அதனால் பன்னிரண்டுக்கும் ஒரே மாத்திரைப் பட்டியல். முதலில் சாப்பிட்டு எழுந்தவன், இன்னும் சாப்பிடுகிறவர்கள் தட்டையும் சேர்த்துக் கழுவப் போட்ட கதை. ஒவ்வொன்றாக ஓட்டிய காலத்தில் அவள் எழுதிய சோதனை அது. அதை மாற்றாமல் அப்படியே பன்னிரண்டிலும் ஓட்டியிருந்தாள்.

சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ஒரு நிமிடம் மனசு அப்படியும் போனது.

போனுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பெயர் உண்டாக்கி ஓடவிட்டாள். பச்சை, பச்சை, பச்சை. திரை விரிசல் விட்ட கிழட்டுப் போன் மட்டும் அவள் உயிரை வாங்கிவிட்டுக் கடைசியில் பச்சையானது. அப்பாடா என்று மூச்சு வந்தது. மணி மூன்று.

எழுந்து நின்று, மேனேஜருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “சார், தப்பு அவன் மேல இல்ல, என் மேல. எல்லாப் போனுக்கும் ஒரே லாகின் குடுத்துட்டேன். ஒண்ணுல அழிச்சது எல்லாத்துலயும் அழிஞ்சிருக்கு. அவன் முதல்ல எழுதினதே சரிதான்.”

திட்டு வாங்கத் தயாராகத்தான் தாடியின் பக்கம் திரும்பினாள். அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

“அப்போ நான் தப்பா எழுதலையா அக்கா?”

“இல்லடா. மன்னிப்பெல்லாம் நீ வந்ததும் கேக்கறேன். முதல்ல பஸ்ஸைப் பிடி.”

பையை மாட்டிக்கொண்டு ஓடினான். மாடிப்படியில் அவன் மனைவியிடம் போனில் கத்துவது மேலே வரை கேட்டது.

“ஏய்... நான் எழுதினது சரியாத்தான் இருந்துச்சு! எனக்கு வேலை தெரியும்!”

கிளம்பிவிட்டேன் என்பதை அதற்கப்புறம்தான் சொன்னான்.