என் பச்சை உடையும் பதினான்கு நாள் கெடுவும்

தெர்லினா கடையில் நான் பத்தொன்பது வருடமாக உடை வாங்குகிறேன். அதில் பத்து வருடம் ஆசையோடு, ஒன்பது வருடம் வயிற்றெரிச்சலோடு.

ரதோம் நகரத்து மேல்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். பெயர் யோலாந்தா. நாள் முழுக்கக் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறவளுக்கு என்ன வேண்டும்? கையைத் தூக்கினால் அக்குளில் இழுக்கக் கூடாது. சாக்பீஸ் போட்டுக்கொள்ள ஆழமான பை வேண்டும். வெளியே கம்பளி, உள்ளே வழவழவென்று லைனிங். தெர்லினாவில் முதன்முதலாக வாங்கிய கரும்பச்சை உடையில் இத்தனையும் இருந்தது. தையலுக்கு உள்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டிருந்தார்கள். நான் பெருத்தபோது பிரித்துவிட்டேன், இளைத்தபோது பிடித்துத் தைத்தேன், மறுபடி பெருத்தபோது மறுபடி பிரித்தேன். அந்த உடை எல்லாவற்றுக்கும் ஈடு கொடுத்தது.

அப்புறம் கம்பெனி கைமாறியது. முதலில் லைனிங் காணாமல் போனது. அடுத்த வருடம் பை போய், பை இருப்பதுபோல் ஏமாற்ற ஒரு மூடியை மட்டும் வைத்துத் தைத்தார்கள். கம்பளி போய், கழற்றும்போது பொறி பறக்கிற ஏதோ ஒன்று வந்தது. இடுப்பு கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி மார்புக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. ஒரு வருடம் தோளில் ஓட்டை வைத்தார்கள், மறு வருடம் கையில் பலூன் வைத்தார்கள். அளவைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரு நாற்பதில் என் ஒற்றைக் கால்தான் நுழையும். இன்னொரு நாற்பதில் நானும் எங்கள் தலைமையாசிரியரும் சேர்ந்தே நுழையலாம். எண் என்றால் அதற்கு ஒரு மதிப்பு இருக்க வேண்டாமா?

இத்தனைக்கும் பிறகு ஏன் அங்கேயே போகிறாய் என்று சிநேகிதிகள் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும், இந்தத் தடவை பழையபடி தைத்திருப்பார்கள் என்று ஒரு நப்பாசை. வேறென்ன.

அந்தப் பச்சை உடை எனக்கு மட்டும் சொந்தமாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஜனவரியில், இறுதித் தேர்வுக்கு நூறு நாள் இருக்கையில், பிள்ளைகளுக்கு நடன விருந்து நடக்கும். விருந்தைத் தொடங்கிவைக்கும் பொலோனேஸ் என்ற ஜோடி அணிவகுப்பு நடனத்தில் முதல் ஜோடி தலைமையாசிரியர் ஜெனோனும் நானும். ஒவ்வொரு வருடமும் நான் அந்தப் பச்சை உடையில்தான் போவேன். பிள்ளைகளுக்கு ஆயிரம் நம்பிக்கைகள். பெண்கள் அன்றைக்குத் தொடையில் சிவப்பு எலாஸ்டிக் பட்டை போட்டுக்கொண்டு வருவார்கள், அதையே தேர்வு நாளிலும் போட வேண்டும். அதுவரை முடி வெட்டக் கூடாது. ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்குக் கடுங்காய்ச்சல் வந்து விருந்துக்குப் போக முடியவில்லை. அந்த வருடம் பார்த்து ஏழு பேர் கணக்கில் கோட்டை விட்டார்கள். அன்றிலிருந்து டீச்சரின் பச்சை உடையும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஒரே ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று நிகழ்தகவு பாடத்திலேயே சொல்லிப் பார்த்தேன். பணிவாக எழுதிக்கொண்டார்கள், நம்பவில்லை.

இந்த வருடம் அதிகமாகப் பயந்தவள் மிலேனா. ஐம்பதுக்குப் பதினைந்து எடுத்தால் தேர்ச்சி. மாதிரித் தேர்வுகளில் அவள் பதினொன்றைத் தாண்டவில்லை. லுப்ளின் நகரத்தில் நர்சிங் படிக்க வேண்டும் என்று பத்து வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற பெண். கணக்கில் விழுந்தால் எல்லாம் போயிற்று. டிசம்பருக்குள் மூன்று தடவை என்னிடம் வந்து, உடை பத்திரமாக இருக்கிறதா என்று விசாரித்தாள்.

பத்திரமாகத்தான் இருந்தது, நான் வினையை விலைக்கு வாங்கும்வரை. முழங்கையில் துணி நைந்திருந்ததால், பள்ளிக்குப் போட்டுக்கொள்ளப் புதிதாக ஒரு பச்சை உடை வாங்கினேன், அதே தெர்லினாவில். ஒரே துவைப்பில் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு தொப்புளுக்கு வந்துவிட்டது. கடைக்குப் போனேன். ஒரு காலத்தில் எப்படித் தைத்தீர்கள் பாருங்கள் என்று முகத்தில் அடித்தாற்போல் காட்டுவதற்காகப் பழைய உடையையும் கூடவே எடுத்துப் போனேன். எழுத்தெல்லாம் மறைந்து வெள்ளைத் தாளாகிவிட்ட பத்தொன்பது வருடத்து ரசீதைக்கூடக் காட்டினேன்.

புதிதாக வந்த மேலாளர் என்னைவிடப் பொறுமைசாலி. பத்து நிமிடம் நான் பொரிந்து தள்ளியதைக் கேட்டுவிட்டுப் புகார்ப் படிவத்தை நீட்டினாள். நான் நிரப்பினேன். உருப்படிகள் எத்தனை என்ற கட்டத்தில், மேஜைமேல் கிடந்ததை எண்ணி, இரண்டு என்று என் கையாலேயே எழுதினேன். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டும் வேண்டும் என்று நினைத்தேன். கணக்கு டீச்சர் எண்ணியதை யார் சரிபார்ப்பார்கள்?

இரண்டு உடையையும் அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பும்போது சட்டம் வேறு பேசினேன்.

"பதினாலு நாள்ல பதில் வரலேன்னா புகார ஏத்துக்கிட்டதா அர்த்தம். ஞாபகம் இருக்கட்டும்."

"தெரியும் மேடம். கீழ அச்சடிச்சே இருக்கு" என்றாள்.

எங்கள் நாட்டில் இந்தப் பதினான்கு நாள் கெடு தெரியாதவர்கள் கிடையாது. காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தேன். பதினான்காம் நாள் பதில் வரவில்லை. பதினைந்தாம் நாள் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன். பதினாறாம் நாள் ஒரு பார்சல் வந்தது. அதற்குள் இரண்டு புத்தம்புது பச்சை உடைகள், இரண்டும் ஒரே மாதிரிக் குப்பை. கூடவே ஒரு கடிதம்: காலக்கெடு தாண்டியதால் இரண்டு உருப்படிகள் மீதான புகாரும் முழுமையாக ஏற்கப்பட்டது, பழுதான பொருள்கள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டன.

தலையில் அடித்துக்கொண்டேன். விருந்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. தொலைபேசியில் ஒரு தேன் குரல், என் புகாரை மொத்தமாக ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம், இனி புகார் சொல்ல என்ன இருக்கிறது என்று நிஜமாகவே புரியாமல் கேட்டது. புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். ஏற்ற புகாரைத் திரும்பப் பெற வழியில்லையாம். முக்கால் மணி நேரம் கத்திய பிறகு, பழைய உடை தலைநகர் வார்சாவில் மாதிரி தைக்கிற பிரிவில் இருப்பதாக வாய் தவறிச் சொல்லிவிட்டது. மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன்.

வார்சா அலுவலகத்தில் என்னைப் போக்னா என்ற பெண்ணிடம் அனுப்பினார்கள். என் வயது இருக்கும், கழுத்தில் அளவு நாடா. அவள் மேஜையில் என் உடை கிடந்தது, பதினொரு துண்டுகளாக. கை தனி, காலர் தனி, பைகள் தனி.

"மன்னிச்சுக்குங்க மேடம். இப்படி ஒரு தையலப் பாத்து வருஷக்கணக்காச்சு. உள்ள எப்படிப் போட்டிருக்காங்கன்னு பாக்கத்தான் பிரிச்சேன்."

"உங்க கம்பெனி தச்சதுதானே?"

"பேர மட்டும்தான் இவங்க வாங்கினாங்க. துணி வெட்டுற பழைய அளவுக் காகிதமெல்லாம் எடைக்குப் போயிருச்சு."

அப்படியானால் இனி இதுபோலத் தைக்கப்போகிறீர்களா என்று கேட்டேன். அந்த நேரத்திலும் என் நப்பாசை அடங்கவில்லை பாருங்கள். போக்னா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நிறத்த மட்டும் எடுத்துக்கச் சொல்லியிருக்காங்க."

அவள்மேல் கோபப்பட முடியவில்லை. அவளே உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பத் தைத்துக் கொடுத்தாள். ஆனால் நிற மாதிரிக்காக, தையலுக்குள் விட்டிருந்த அந்த இரண்டு விரல் துணியை ஏற்கெனவே வெட்டி எறிந்திருந்தார்கள். அங்கே இருந்ததோ இப்போதைய தெர்லினாவின் நூல். வேகமாகக் கையை வீசாதீர்கள் என்று வாசல்வரை வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மாலை மண்டபத்துக்குள் பச்சை உடையில் நுழைந்ததும் வகுப்பு மொத்தமும் நிம்மதிப் பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது. மிலேனா தூரத்திலிருந்து கும்பிடாத குறை. இசை தொடங்கியது. ஜெனோனும் நானும் முன்னால் நடந்தோம். ஜோடிகள் கோர்த்த கையை உயர்த்தி வளைவு கட்டும் இடத்தில், இடது தோளில் சர்ரென்று ஒரு சத்தம். தையல் சுற்றிலும் விட்டுவிட்டது. கைப்பகுதி முழங்கைக்கு இறங்கியது. உள்ளாடைப் பட்டை தெரிய, பெற்றோரெல்லாம் கேமராவைத் தூக்கிக்கொண்டிருக்க, நான் வலது கையால் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நின்றால் பின்னால் வரும் எண்பது ஜோடியும் முட்டிக்கொள்ளும்.

அடுத்து ஆண்கள் இடப்பக்கமும் பெண்கள் வலப்பக்கமும் பிரிகிற இடம். பெண்கள் வரிசையில் எனக்கு நேர் பின்னால் மிலேனா. அவள் ஒரு கணம் குனிந்து நிமிர்ந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது.

"டீச்சர், கைய நீட்டுங்க."

"என்னடி அது?"

"பேசாம நடங்க டீச்சர், எல்லாரும் பாக்கறாங்க."

என் கைவழியாக எதையோ ஏற்றித் தோளுக்குக் கீழே இறுக்கினாள். கழன்ற கைப்பகுதி அங்கேயே நின்றது. குனிந்து பார்த்தேன். அவளுடைய சிவப்புப் பட்டை.

"இது உனக்கு வேணாமாடி?"

"நீங்க பாதியில நின்னுட்டா மொத்த கிளாஸும் போச்சு டீச்சர்."

திங்கள்கிழமை அதைத் துவைத்து எடுத்துப் போய்க் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. விருந்து முடிவதற்குள் கழற்றிவிட்டால் அதற்குப் பலன் போய்விடுமாம். ரயில் தவறிவிட்டது என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை. இருபத்தொன்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள், ஒரு எலாஸ்டிக் துண்டுக்காகத் தூக்கம் கெட்டேன். அன்றிலிருந்து செவ்வாயும் வியாழனும் பள்ளி முடிந்ததும் அவளை உட்காரவைத்துக் கணக்குப் போட வைத்தேன். தெர்லினாவுக்குப் புகார் எதுவும் எழுதவில்லை. அதையும் அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டால் என்ன செய்வது?

ஜூலையில் வந்த முடிவில் அவளுக்குப் பதினேழு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் மே மாதம், தேர்வன்று காலையில், அது எங்கள் இருவருக்கும் தெரியாது. அன்றைக்கு வெயில் கொளுத்தியது. பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் மண்டபக் கதவு முன்னால் வரிசையாக நின்றார்கள். நான் தாழ்வாரத்தில் நின்றேன், கம்பளிப் பச்சை உடையில். கைத்தையலை நானே கோணல்மாணலாகப் போட்டிருந்தேன். அதற்குமேல் சிவப்புப் பட்டை. முதுகில் வியர்வை ஆறாக ஓடியது. ஜெனோன் என்னைப் பார்த்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார்.

மிலேனா வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். முதலில் உடையைப் பார்த்தாள், அப்புறம் என் கையை. அவள் கண் கலங்கிவிட்டது.

"டீச்சர், உங்களுக்கு நம்பிக்கை இல்லேன்னுதானே சொன்னீங்க?"

"இல்லடி. இன்னும் இல்ல. நீ உள்ள போய் முதல் கேள்விய ரெண்டு தடவை படி" என்றேன்.