கடைசிப் படியின் உயரம்

கட்டடக் கலைஞர் ஆவதற்குக் கற்பனை வேண்டும் என்று சொல்கிறவர்கள் யாரும் அந்தப் பயிற்சி நோட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. பட்டம் வாங்கினால் மட்டும் போதாது. உரிமம் உள்ள ஒருவரின் கீழ் மூவாயிரம் மணி நேரம் வேலை பார்க்க வேண்டும். வரைந்தது இத்தனை, விதிகளைச் சரிபார்த்தது இத்தனை, கட்டுமான இடத்தில் நின்றது இத்தனை என்று பிரித்துப் பிரித்து எழுத வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் அவர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கப்புறம்தான் தேர்வு, தேர்வுக்கு அப்புறம்தான் உரிமம். போதாக்குறைக்கு, ஐந்து வருடத்துக்கு முந்தைய மணி நேரம் செல்லாது. ஒரு பக்கம் நிரப்பிக்கொண்டே வந்தால் இன்னொரு பக்கம் வருடம் வருடமாகக் கழிந்துகொண்டே போகும்.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. அந்த அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக வரைபடம் போடுகிறாள். பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து, தூக்கத்தோடு சண்டை போட்டுப் பட்டம் வாங்கினாள். அலுவலகத்தை நடத்துகிற கட்டடக் கலைஞர் அவளை விட எட்டு வயது சின்னவர். அவர் பயிற்சிக்கு வந்த முதல் நாள் அச்சு இயந்திரத்தில் அவருடைய டை சிக்கியபோது கத்தரிக்கோலோடு ஓடி வந்து காப்பாற்றியவள் இவள்தான். இன்றைக்கு அவர் உரிமம் வாங்கியவர், இவள் அவரிடம் பயிற்சி பெறுகிறவள். அவர் இவளை அக்கா என்பார். இவள் அவரை சார் என்பாள். அந்த டையைப் பற்றியும், உரிமத் தேர்வில் முதல் தடவை அவர் ஒரு தாளைக் கோட்டைவிட்டதைப் பற்றியும் இருவரும் பேசுவதில்லை.

இப்போது நோட்டில் குறைவது பதினெட்டே மணி நேரம். அதுவும் கட்டுமான இடத்தில் நிற்கிற மணி நேரம். இன்னும் ஒன்பது நாளில் மாதம் முடிகிறது. அதற்குள் நிரப்பி நோட்டைக் கொடுக்காவிட்டால் முதல் வருடத்து அறுநூறு மணி நேரம் மொத்தமாகப் போய்விடும். மறுபடி ஒரு வருடம் ஓட வேண்டும். அவள் கணவர் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர்.

"உன் நோட்டுல எனக்கு ஏதாவது மணி நேரம் இருக்கா?" என்பார் சாப்பாட்டு மேசையில்.

"உரிமம் இல்லாதவங்க கூட இருந்த நேரம் செல்லாது," என்பாள் அவள்.

கணக்கு மட்டும் கச்சிதமாக இருந்தது. ஒரு பல் மருத்துவமனை கட்டுகிறார்கள். நாளைக்கு அதன் படிக்கட்டுக்குக் கான்கிரீட். அன்றைக்கு முழுவதும், அடுத்து வரும் இரண்டு நாளும் அங்கே நின்றால் பதினெட்டு மணி நேரம் முடிந்தது. படிக்கட்டு அவளே வரைந்தது. இருபது படி, ஒவ்வொன்றும் பதினாறு சென்டிமீட்டர் உயரம்.

கான்கிரீட்டுக்கு முந்தின நாள் பிற்பகல் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று போனாள். கான்கிரீட்டைத் தாங்கும் பலகைகள் எல்லாம் அடித்து முடித்து, கம்பியும் கட்டியாகிவிட்டது. மேஸ்திரி நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மேல் தளத்தில் பிளம்பர் நீலச் சுண்ணக் கயிற்றைச் சுவரில் சுண்டி ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"அது என்ன கோடு?" என்று கேட்டாள்.

"தரை முடியுற மட்டம்மா. நாற்காலிக்கெல்லாம் பைப் தரைக்கு அடியில போகுதில்ல? அதான் ஏழு சென்டி."

அவள் கை பையில் டேப்பைத் தேடியது. இரண்டு மாதத்துக்கு முன் பல் மருத்துவர் நாற்காலிகளை மேல் தளத்துக்கு மாற்றச் சொன்னார். குழாய்கள் போவதற்காக அங்கே தரையின் கனம் மூன்று சென்டிமீட்டரிலிருந்து ஏழு ஆனது. தரை வரைபடத்தில் அவள் அதைத் திருத்தினாள். படிக்கட்டு வரைபடம் வேறு தாளில் இருந்தது. அதைத் தொடவே இல்லை.

டேப்பை எடுத்து அளந்தாள். மறுபடி அளந்தாள். பத்தொன்பது படி பதினாறு, கடைசிப் படி மட்டும் இருபது. கால் என்பது முதல் இரண்டு படியில் ஓர் உயரத்தைப் பழகிக்கொண்டு மிச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிற ஜென்மம். இறங்கும்போதோ அந்த இருபதுதான் முதலில் வரும். பல்லைப் பிடுங்கி, வாய் மரத்து, பாதி மயக்கத்தில் வெளியே வருகிறவர் முதல் அடியிலேயே நான்கு சென்டிமீட்டர் கூடுதலாகக் காலை விடுவார்.

மேஸ்திரியிடம் சொன்னாள். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை.

"நாலு சென்டிதானேம்மா? டைல்ஸ்காரன் பார்த்துக்குவான்."

உலகத்தில் பாதிக் கட்டடங்கள் டைல்ஸ்காரன் பார்த்துக்கொள்வான் என்கிற நம்பிக்கையில்தான் நிற்கின்றன. அவளுக்கும் அந்த நிமிஷம் அதை நம்ப வேண்டும் என்று ஆசையாக இருந்தது. வேறு யாருக்கும் தெரியாது. நாளைக்குக் கான்கிரீட் விழுந்துவிட்டால் பதினெட்டு மணி நேரமும் அவளுக்கு. நிறுத்தினால் கலவை லாரி மறுபடி கிடைப்பது அடுத்த மாதம்தான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியைத் தானே எடுத்துப் போட்டு உடைக்க வேண்டும்.

கைப்பிடிச் சுவரில்லாத அந்த விளிம்பில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஃபோனை எடுத்து, "சார், நாளைக்கு லாரியை நிறுத்தச் சொல்லுங்க. தப்பு என்னோடது," என்றாள்.

அவர் இருபது நிமிடத்தில் வந்துவிட்டார். அளந்து பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "நாலு சென்டியை இருபது படிக்கும் பிரிச்சிடலாம்," என்று மட்டும் சொன்னார். ஒரு படிக்கு இரண்டே மில்லிமீட்டர். சொல்வது சுலபம். அந்த இரண்டு மில்லிமீட்டருக்காக நடுவில் திரும்புகிற மேடையை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். கம்பியை அவிழ்த்து, எல்லாப் பலகையையும் கழற்றி, மறுபடி அடிக்க வேண்டும். மேஸ்திரி வாயில் முணுமுணுப்போடு எழுந்தார். முணுமுணுத்தாரே தவிர, வேலையில் ஒரு குறை வைக்கவில்லை.

மூன்று நாள். அவள் ஒவ்வொரு பலகைக்கும் பக்கத்தில் நின்று, அளவு சொல்லி, மட்டம் பார்த்து, மறுபடி கழற்றச் சொல்லி, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லாம் சரியாக நின்றது. அலுவலகத்துக்கு வந்து, போகட்டும், இன்னொரு வருடம்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தபோது கட்டடக் கலைஞர் எட்டிப் பார்த்தார்.

"நோட்டுல எழுதிட்டீங்களா அக்கா?"

"எதை சார்?"

"மூணு நாளா எங்க நின்னீங்க?"

"அது என் தப்பைத் திருத்தினது சார். அது பயிற்சியா? பிராயச்சித்தம்."

"கான்கிரீட் ஊத்துறதை வேடிக்கை பார்த்திருந்தா மட்டும் பயிற்சியா? எழுதுங்க."

எழுத உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. எத்தனை மணி நேரம் என்பதோடு, என்ன வேலை, ஏன் செய்தது என்றும் எழுத வேண்டும். உண்மையை எழுதினால் தப்பு அவளுடையது என்பது உரிமம் கொடுக்கிற கட்டடக் கலைஞர் மன்றத்துக்குத் தெரியும். சொந்தச் செலவில் சூனியம். அதுகூடப் பரவாயில்லை. அந்தப் படிக்கட்டு வரைபடத்தின் கீழே சரிபார்த்தவர் என்று கையெழுத்துப் போட்டிருப்பது அவர். மன்றம் கேள்வி கேட்டால் அவரைத்தான் கேட்கும். 'படிக்கட்டுப் பலகை அமைப்பை மேற்பார்வையிட்டது' என்று பூசி மெழுகிவிடலாம். பொய்யும் இல்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

முழுவதையும் எழுதினாள். பிறகு நோட்டைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாள்.

"படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க சார். இதுல உங்களுக்கும் அடி விழும். வேண்டாம்னா சொல்லுங்க, நான் இதைக் கொடுக்கல. அடுத்த வருஷம் பார்த்துக்கறேன்."

அவர் படித்தார். முகம் சுருங்கியது. "இருக்கட்டும், நாளைக்குப் பார்க்கலாம்," என்றார்.

நாளை வந்தது, அவர் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தவர் நோட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற கையெழுத்தா அது? வீட்டில் கணவர் வழக்கமான கிண்டலைக்கூட நிறுத்திவிட்டு, அவள் தட்டையும் சேர்த்துத் தானே கழுவினார். அவளுக்குக் கட்டடக் கலைஞர் மேல் கோபமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய். நல்ல கோபம் இருந்தது.

மாதத்தின் கடைசி நாள் காலையில் நோட்டு அவள் மேசையில் இருந்தது. பதினெட்டு மணி நேரத்துக்கும் கையெழுத்து இருந்தது. மேற்பார்வையாளர் குறிப்பு என்ற கட்டத்தில் எல்லோரும் 'திருப்தி' என்று எழுதுவதுதான் வழக்கம். அங்கே அவர் பொடி எழுத்தில் கட்டம் வழிய எழுதியிருந்தார்:

'மேலே சொன்ன வரைபடத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவன் நான். பிழை என் கண்ணில் படவில்லை. கான்கிரீட் விழுவதற்கு முந்தைய நாள் இவர் கண்ணில் பட்டது. தன் பயிற்சிக் காலம் வீணாகும் என்று தெரிந்தே வேலையை நிறுத்தினார். உரிமம் பெற்ற நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா என்று இரண்டு நாள் யோசித்தேன். நிறுத்தியிருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.'

அவள் மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறை எழுத்து தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. அவர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே யாரிடமோ ஃபோனில் குழாய் பற்றித் தேவைக்கு மேல் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

மன்றத்தின் ஜன்னலில் இருந்த எழுத்தர் பக்கங்களை எண்ணிக்கொண்டே வந்தவர் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடைசிவரை படித்தார்.

"இங்க வர்ற நோட்டுல யாருமே ஒரு தப்பும் பண்ணியிருக்க மாட்டாங்கம்மா," என்றார். "இதை இப்படியே கொடுக்கறீங்களா?"

"இப்படியேதான்."

அவர் தேதி முத்திரையைக் குத்தினார்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மூவாயிரம் மணி நேரமும் ஏற்கப்பட்டது, தேர்வு நான்கு மாதம் கழித்து, ஏழு தாள். கீழே தனியாக ஒரு வரி: அந்தப் பதினெட்டு மணி நேரத்தை மன்றம் கட்டுமான இடப் பயிற்சியாக மட்டுமல்லாமல், தொழில் பொறுப்பு என்ற பிரிவிலும் சேர்த்துக்கொள்கிறது. அந்தப் பிரிவில் பயிற்சிக் காலத்திலேயே மணி நேரம் வாங்கியவர் யாரும் இருப்பதாக அவள் கேள்விப்பட்டதில்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அறைக்குள் போனாள். அவர் படித்துவிட்டு எழுந்து நின்றார்.

"ஏழு தாள் இருக்கு அக்கா. எந்தத் தாள்ல இருந்து ஆரம்பிக்கலாம்?"

"நீங்க எதுல ஃபெயிலானீங்களோ அதுல இருந்து சார்," என்றாள் அவள்.