அவர் ஏன் போனார்

“தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும் அவர் ஏன் போனார்?” என்று சரித்திர ரீச்சர் ஒருமுறை என்னைக் கேட்டார். நூலகப் புத்தகத்தில் நான் மூன்று தடவை வாசித்த மனிதர் அவர். செவ்விந்தியரான டகோடா மக்களின் தலைவர்; வெள்ளைக்காரர் அழைத்த பெயர் லிட்டில் குரோ. வகுப்பு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் மேசையைப் பார்த்தேன். அந்தத் தவணையோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். சொல்லாத பதில்களைக் கொப்பிகளில் எழுதித் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தேன்.

அடுத்த வருடம், 1974 ஜூலையில், தென்கோளத்தின் குளிர்காலத்தில், அதே கேள்வி நாங்கள் குடியேறியிருந்த நோபல் பார்க்கில் எங்கள் குசினிக்குள் வந்தது.

ஞாயிறு பின்னேரம். அப்பாவோடு தொழிற்சாலையில் வேலை செய்கிற சிறி அண்ணையும் விக்னராஜா அண்ணையும் கதிரை இருந்தும் இருக்கமாட்டாமல் நின்றார்கள்.

“ஒரு வருசம்தான் பெயின்ற் அறை, பிறகு வேற இடம் எண்டுதானே சொன்னவங்கள்? நீங்கள்தானே அண்ணை எங்கள் எல்லாருக்குமாக் கையெழுத்து வைச்சனீங்கள்?” சிறி அண்ணை கேட்டுவிட்டு இருமினார்.

“ஓம், வைச்சனான்,” என்றார் அப்பா.

“மூண்டு வருசமாச்சு. நாளைக்கு ஒருத்தரும் உள்ளுக்குப் போறேல்லை. கேற்றுக்கு வெளியிலதான்.”

“மனேஜரின்ர மேசையில வேலை கேட்டு வந்த கடிதங்களை நீ காணேல்லை, நான் கண்டனான். பத்து மணிக்கு உங்களை நிப்பாட்டினால் பதினொரு மணிக்கு வேற ஆக்கள் நிப்பினம்.”

“அண்ணைக்கு மனேஜரின்ர தேத்தண்ணி ருசிச்சிட்டுது,” என்றார் விக்னராஜா அண்ணை. “பயமெண்டால் சுகமில்லை எண்டு படுங்கோ. அக்கா ரசம் வைச்சுத் தருவா.” அக்கா என்றது என் அம்மாவை.

அவர்கள் போன பிறகு அப்பா குசினிக்கும் முன்கதவுக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தார். நான் என் அறைக்குள் நடந்தேன். எனக்கு இந்தக் கதை தெரியும். அந்தத் தலைவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவர். வாஷிங்டன் வரை போய், வெள்ளையர் எவ்வளவு பேர் என்று கண்ணால் கண்டவர். வெல்ல முடியாது என்று சொன்னபோது சொந்த இளைஞர்களே கோழை என்றார்கள். அவர்களையே கூட்டிக்கொண்டு சண்டைக்குப் போனார்.

விடிந்ததும் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன்.

‘உங்களைப் போலக் கையெழுத்து வைத்த ஒரு தலைவர், தோற்போம் என்று தெரிந்தும் தன் ஆட்களோடு சண்டைக்குப் போனார். மறுவருடம் மகனோடு பழம் பறித்துக்கொண்டு நின்றவரைச் சுட்டுக் கொன்றார்கள். எலும்புகளைக் காட்சிக்கு வைத்தார்கள். குடும்பத்தார் அவரைப் புதைக்க நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது. போகாதேங்கோ அப்பா.’

அதை அப்பாவின் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தேன். என் எழுத்தை அதுவரை வீட்டில் ஒருவரும் கண்டதில்லை.

அப்பா நின்றபடி வாசித்தார். திரும்பவும் வாசித்தார். நான் அடுப்பைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன். வெளியே சிறி அண்ணையின் கார் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தது.

ஆணியில் தொங்கிய வேலை உடுப்பை அப்பா தொட்டார், எடுக்கவில்லை. குளிரில் நாள் முழுக்க வெளியே நிற்பதற்கு நீளக் கோட்டைப் போட்டார். தாளை நாலாக மடித்து உள்பையில் வைத்தார். தேநீர் அப்படியே இருந்தது. என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார்.