அடிநூல்

அடிநூல் எதனால் தளர்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. காலையில் சீராக ஓடிய தையல், சாப்பாட்டுக்குப் பிறகு முகக்கவசத்தின் மேல்பக்கம் வளையம் வளையமாக எழும்பி நின்றது. மேல்நூலும் அடிநூலும் துணிக்கு நடுவே ஒன்றையொன்று சமமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் மற்றது அதைத் தன் பக்கம் இழுத்துவிடும்.

"என்னங்க, மறுபடியும் பாருங்க."

கட்டிலில் கிடந்த கணவன் உடனே எழுந்து வந்தான். அடிநூல் உருளை இருக்கும் பாபின் பெட்டியைக் கழற்றி, ஊதி, எண்ணெய் விட்டு, நூலை நுனிவிரலால் இழுத்துப் பார்த்தான். பாதி மதியம் போயிற்று. ஆனால் அந்த நேரம் மட்டும் அவன் பேசினான், சிரித்தான். தொற்று வந்து, இருவரும் வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடியதிலிருந்து அந்த ஒற்றை அறையில் மற்றப் பேச்சு "தள்ளு", "சத்தத்தக் கொற" என்பதோடு சரி.

கம்பெனியில் அவன் மெக்கானிக். மிஷின் நின்றால் தைப்பவர்கள் கைதூக்க வேண்டும், திருகாணியைத் தொடக்கூடாது. ஒரு பழுதும் இல்லாமல் அவள் கைதூக்கியதில்தான் காதலே தொடங்கியது.

சாயங்காலம் தைத்த முகக்கவசக் கட்டை எடுக்க வந்த கம்பெனி சூப்பர்வைசர் வாசலிலேயே நின்றார். "வீட்லயே மெக்கானிக்க வச்சுக்கிட்டு மிஷின் ரிப்பேருன்னா யாரும்மா நம்புவா? இன்னும் ரெண்டு நாள் பாப்பேன். அப்புறம் வேற வீட்டுக்குக் குடுத்துடுவேன்."

மறுநாள் சாப்பிட்டதும் தட்டுகளோடு பொதுக்குழாய்க்குப் போனவள், மறந்த சட்டியை எடுக்கத் திரும்பினாள். கதவிடுக்கில் தெரிந்தான். உள்ளங்கையில் பாபின் பெட்டி. சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருகாணியை நிதானமாக இடப்பக்கம் திருப்பித் தளர்த்திக்கொண்டிருந்தான்.

சத்தமில்லாமல் குழாயடிக்கே போனாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். கத்த நினைத்தாள். கத்திவிட்டால் அவன் அதற்குப் பிறகு எதற்காக எழுந்திருப்பான்?

அறைக்கு வந்தபோது அவன் கண்மூடிப் படுத்திருந்தான்.

"என்னங்க..."

"வந்துட்டேன், வந்துட்டேன். நான் இல்லன்னா என்னடி பண்ணுவ?"

"அதான் எனக்கும் தெரியல."

அடுத்த நாள் காலை அவன் குளிக்கப் போயிருந்தபோது, மேல்நூல் திருகாணியை அவளே சற்றுத் தளர்த்தி வைத்தாள். அது மிஷினுக்கு வெளியிலேயே இருப்பது. அவன் எவ்வளவு இழுத்தடித்தாலும் டீ ஆறுவதற்குள் சரியாகிவிடும். காலையில் ஒருமுறை கூப்பிட்டுவிட்டால் மதியம் அவன் பாபின் பெட்டியைத் தொடுவதில்லை. தினமும் அப்படியே செய்தாள். கட்டு பொழுதோடு முடிந்தது.